ரெயின் சென்சார் ஜெல் பேட்: 4 ஸ்டார்

முன் கண்ணாடி மாத்துனதுக்கப்புறம் ஆட்டோ வைப்பர் (மழை பட்டா தானா ஓடுறது) இஷ்டத்துக்கு ஓடுதா, சென்சாருக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி இதை ஒருதடவை வாங்கிப் போட்டுப் பாருங்க. ஆன்லைன்ல சில நூறு ரூபாதான்.

என் கார்ல கல்லடிச்சு விரிசல் விட்டு கண்ணாடி மாத்துனேன், அன்னிலேர்ந்து சுள்ளுனு வெயில் அடிக்கும்போது வறட்டு வறட்டுனு துடைக்குது, மழை கொட்டும்போது தேமேன்னு நிக்குது. மாத்துன எடத்துல கேட்டா சென்சார் போயிடுச்சு சார், யூனிட்டையே மாத்தணும்னு சொன்ன தொகைய கேட்டு மயக்கம் வராத குறை. முந்தின நாள் வரைக்கும் நல்லா இருந்தது கண்ணாடி மாத்துன அன்னிக்கேவா சாகும்?

மிரருக்குப் பின்னாடி கண்ணாடியோட ஒட்டி ஒரு டப்பா இருக்கும்ல, அதான் ரெயின் சென்சார், அது இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத) வெளிச்சத்தை கண்ணாடிக்குள்ள சாய்வா அடிக்கும், கண்ணாடி காஞ்சிருந்தா அது உள்ளயே பட்டுத் திரும்பி வந்துடும், மேல தண்ணி இருந்தா கொஞ்சம் வெளிய போயிடும், எவ்வளவு குறையுதுன்னு பாத்துதான் வைப்பரை ஓட்டுது. இதுக்கு டப்பாவுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல காத்தே இருக்கக்கூடாது, அதுக்குத்தான் இந்த சிலிக்கோன் ஜெல். பழைய ஜெல்லை உரிச்சு அதையே திரும்ப ஒட்டுனா தூசியும் காத்துக் குமிழும் மாட்டிக்கும், சென்சார் குழம்பிடும். என் கார்ல டப்பாவை கழட்டிப் பாத்தா குமிழ் குமிழா அப்பட்டமா தெரிஞ்சுது.

மாத்துறது ஈஸிதான், ஆனா பொறுமை வேணும். கண்ணாடியையும் சென்சார் முகத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சுட்டு, ஜெல்லை கையால தொடாம ஒரு ஓரத்துலேர்ந்து மெதுவா படிய விடணும். அப்புறம் வைப்பரை ஆட்டோல போட்டு சென்சார் இருக்குற எடத்துல வெளிப்பக்கம் தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க, டிரைவர் பக்கம் அடிச்சுட்டு ஓடலைன்னு திட்டாதீங்க. கை ஜாக்கிரதை, வைப்பர் சட்டுனு கிளம்பும். வாட்டர் வாஷ் விடும்போதும் ஆட்டோவை ஆஃப்ல வைங்க.

இப்ப தூறலுக்கும் சரியா ஓடுது, வெயில்ல சும்மா கெடக்குது.

எல்லாத்துக்கும் இதுவே மருந்துன்னு சொல்ல மாட்டேன். தேஞ்ச பிளேடு தண்ணிய இழுவி விட்டாலும், கண்ணாடில எண்ணெய்ப் படலம் இருந்தாலும் வைப்பர் திரும்பத் திரும்ப ஓடும். சில கார்ல இஞ்சின் ஆஃப் பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணா வைப்பர் லீவரை ஒருதடவை ஆஃபுக்கு கொண்டுபோய் மறுபடி ஆட்டோல வெக்கணும், அதை ரிப்பேர்னு நெனைச்சுட்டு போறவங்க உண்டு. சில மாடலுக்கு ஸ்கேனர் மாட்டி கேலிபரேஷன் (சென்சாரை மறுபடி சரியா செட் பண்றது) பண்ணியே ஆகணும். இப்ப வர்ற டெஸ்லா கார் வெச்சிருக்கவங்களுக்கு இது வேலைக்கே ஆகாது, அதுல கேமரா பாத்துதான் வைப்பர் ஓடுது.

ஒரு ஸ்டார் கொறைச்சது பேக்கிங்குக்கு. எப்படி ஒட்டணும்னு ஒரு துண்டு பேப்பர்கூட இல்ல, ரெண்டு பக்க ஃபிலிம்ல எதை முதல்ல உரிக்கணும்னும் போடல. வட்டம், சதுரம்னு பல சைஸ்ல வருது, உங்க சென்சாரை கழட்டி அளந்துட்டு ஆர்டர் போடுங்க.