மில்லின் ஷிப்ட் வண்டியாக மின்பேருந்து: மூன்றாண்டு அனுபவம்

உடுமலைப்பேட்டைக்கும் பல்லடத்துக்கும் இடையிலுள்ள நூற்பாலை ஒன்றில் போக்குவரத்துப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஊர் ஊராக ஆட்களை ஏற்றி இறக்கும் எங்கள் ஒன்பது பேருந்துகளில் இரண்டு 2022 முதல் மின்சாரத்தில் ஓடுகின்றன. "நாங்களும் வாங்கலாமா?" என்று சுற்றுவட்டார ஆலைகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் மாதம் ஒருவராவது அழைக்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது என்பதால் எழுதிவிடுகிறேன்.

முதல் ஆண்டில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்க வேண்டும். சார்ஜ் நடுவழியில் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், பதினான்கு கிலோமீட்டர் தொலைவுள்ள பக்கத்து ஊர் லைனுக்கு மின்பேருந்துகளை விட்டேன். தாராபுரம் பக்கமுள்ள முப்பத்திரண்டு கிலோமீட்டர் லைன் டீசல் வண்டிக்கே இருந்தது. வண்டி ஒருநாளும் நிற்கவில்லை, ஆனால் ஆண்டுக் கணக்கை முடித்தபோது மிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் ஒன்பது மீட்டர் வண்டிக்கு டீசலில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 ரூபாய் ஆகிறது, மின்சாரத்தில் 0.9 யூனிட், சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்தால் 7 முதல் 8 ரூபாய். அதாவது ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழு ரூபாய் மிஞ்சும். ஓடாத கிலோமீட்டருக்கு எதுவும் மிஞ்சாது. டீசல் பேருந்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய வண்டியை நாளுக்கு 112 கிலோமீட்டர் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் வட்டிக்குக்கூடக் கட்டாது.

இரண்டாம் ஆண்டில் லைன்களை மாற்றினோம். காலை ஆறு மணி, மதியம் இரண்டு மணி ஆகிய இரு ஷிப்ட் மாற்றங்களுக்கும் தாராபுரம் லைனை மின்பேருந்துகளே பார்க்கின்றன. இரவு பத்து மணி ஷிப்ட் மட்டும் டீசலில். ஒரு ஷிப்ட் மாற்றத்துக்குப் போய் ஏற்றி வந்து, இறங்குபவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப 128 கிலோமீட்டர் ஆகிறது. காலை எட்டு மணிக்கு வண்டி உள்ளே வந்தாலும், உச்சநேரக் கட்டணம் முடியும்வரை நிறுத்திவைத்து, அதன்பிறகே சார்ஜரின் கன்னை (செருகுமுனையை) மாட்டுகிறோம். 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு மணி நேரம் போதும். மதிய நடை முடிந்தபின் இரவு பத்து மணிவரை தொடுவதில்லை. உயரழுத்த இணைப்பில் உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதலாகவும், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை 5 சதவீதம் குறைவாகவும் வருவதால், இந்தக் காத்திருப்பும் பணம்தான். மில்லுக்கு ஏற்கெனவே பெரிய இணைப்பு இருந்ததால் சார்ஜரின் சுமை எங்களுக்கு ஒரு பொருட்டாகவில்லை; சிறிய இணைப்பை வைத்திருக்கும் கல்லூரிகள் வண்டி விலையைக் கேட்பதற்குமுன் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்வருவது நல்லது.

எதிர்பாராத தொல்லை காற்றிலிருந்து வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்கி ஆடியில் உச்சத்துக்குப் போகும் காற்று இந்தப் பக்கம் எப்படி வீசும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாராபுரத்திலிருந்து மேற்கே திரும்பும் வண்டி, நிறைந்த ஆட்களோடு அந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து வர வேண்டும். "சார், டீசல் வண்டியில காத்து தெரியவே தெரியாதுங்க, இதுல பர்சன்டேஜ் கண்ணு முன்னால எறங்குதுங்க" என்றார் ஓட்டுநர். மற்ற மாதங்களில் 23 சதவீதத்தோடு வந்து நிற்கும் வண்டி ஆடியில் 12, 13-க்கு இறங்கிவிடுகிறது. அதே காற்றுதான் எங்கள் மில்லின் காற்றாலைகளைச் சுழற்றி யூனிட்டும் தருகிறது என்பதால் முழுக்கத் திட்டவும் மனம் வரவில்லை. சித்திரை வெயிலிலும் ஒரு பாடம் கிடைத்தது: திறந்தவெளியில் நின்ற வண்டி சூடேறி, சார்ஜ் ஏறும் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. தகரக் கூரை போட்டபின் சரியாயிற்று.

ஓட்டுநர்கள் பழக ஒரு மாதம் ஆனது. வேகத்தடைக்கு வெகுமுன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, கொஞ்சம் சார்ஜையும் திருப்பிக்கொடுக்கிறது. மூன்று ஆண்டுகளில் பிரேக் லைனிங் ஒருமுறைகூட மாற்றவில்லை. டயர் மட்டும், வண்டியின் எடை காரணமாகவோ என்னவோ, டீசல் வண்டியைவிடச் சீக்கிரம் தேய்கிறது. இன்னொரு சங்கதியை எந்த விற்பனையாளரும் சொல்லமாட்டார். விடியற்காலையில் எஞ்சின் சத்தம் கேட்ட பிறகுதான் பெண்கள் வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். சத்தமில்லாத வண்டி முதல் வாரத்தில் ஏழெட்டுப் பேரை விட்டுவிட்டு வந்தது. பிறகு ஹாரன் அடித்தோம், ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். இப்போது வண்டி முந்தைய ஊரைத் தாண்டியதும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போகிறது.

பழுது பார்ப்பதுதான் உண்மையான பலவீனம். டீசல் வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் பல்லடத்திலோ காங்கேயத்திலோ ஒரு பட்டறைக்காரர் அன்று மாலைக்குள் சரிசெய்து அனுப்பிவிடுவார். இங்கே உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைக் கண்டாலே அவர்கள் கையை எடுத்துவிடுகிறார்கள், எடுப்பதுதான் சரியும்கூட. 2023 ஐப்பசியில் இடி இறங்கிய இரவில் சார்ஜருக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு ஒன்று போய்விட்டது. விற்றவர்கள் வெளியூரிலிருந்து ஆளையும் பொருளையும் அனுப்பப் பதினொரு நாள் ஆக்கினார்கள். இரண்டு பேருந்துகளும் அதுவரை கொட்டகையில் நின்றன. நாங்கள் வாடகை வண்டிக்கு அலைந்தோம். ஒரே சார்ஜரோடு எவரும் தொடங்க வேண்டாம்.

அரசு நடைமுறைகளில் சிரமமில்லை. மின்வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று 2018-லேயே மத்திய அரசு அறிவித்துவிட்டது. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் இறங்கியதைக் காட்டி, அதுபோல நமக்கும் முடியாதா என்று எங்கள் நிர்வாகத்தில் கேட்டார்கள். அங்கே வண்டியும் பராமரிப்பும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. மாநகரப் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. இரண்டு வண்டிக்கு அப்படி வந்து நிற்க எவரும் முன்வரவில்லை, கேட்டுப் பார்த்தோம்.

மூன்றாவது வண்டிக்கு விலை கேட்டிருக்கிறோம். இந்தமுறை தடை பேட்டரி அல்ல, வீடு. டீசல் ஓட்டுநர்கள் இரவில் வண்டியைத் தங்கள் ஊரிலேயே நிறுத்திக்கொண்டு, விடிவதற்குள் அங்கிருந்தே கிளம்புவார்கள். மின்பேருந்து இரவில் மில்லுக்குள் நின்றாக வேண்டும். அந்த லைன் ஓட்டுநருக்கு மில் குடியிருப்பில் வீடு ஒதுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது முடிவானபிறகுதான் முன்பணம் கட்டுவோம்.