நூறு ரூபாகூட ஆகாத பேட்டரிக்கு 3,800 ரூபா! தண்டையார்பேட்டை பக்கம் சிஸ்டம் சர்வீஸுக்குக் கொடுக்கிறவங்க பார்த்துக்கோங்க

3,800 ரூபா. வயிறு எரியுது. மார்க்கெட் போற வழியில ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை, பேரு வேண்டாம்.

பழைய டெஸ்க்டாப். ஆன் பண்ணா 'சிமாஸ் செக்சம் எரர்'னு (போர்டு ஞாபகம் வெச்சிருக்கிற செட்டிங் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்) வந்து எஃப்1 கேட்கும். தேதி 2010-க்குப் போயிடும். எஃப்1 அழுத்தினா விண்டோஸ் பாதியில நீலத் திரை: 'இன்னாக்சசிபிள் பூட் டிவைஸ்', அதாவது விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை எட்ட முடியல. போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருக்கு, அவ்வளவுதான். ராத்திரி ப்ளக் பாயிண்டை அணைச்சதும் பயாஸ் (ஆன் பண்ணதும் விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற, போர்டு சிப்ல இருக்கிற புரோக்ராம்) செட்டிங் மொத்தமும் டீஃபால்ட்டுக்குத் திரும்பிடுது. அந்த போர்டுல சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோட பேசுற முறை, டீஃபால்ட்டா ஐடிஇ-ங்கிற பழைய முறை. விண்டோஸ் போட்டது ஏஎச்சிஐ-ங்கிற புது முறையில. டிஸ்க்கைப் பிடிக்கத் தெரியாம விழுது. பேட்டரி மாத்தி, டெல் கீ அழுத்தி உள்ள போய், தேதியைச் சரிபண்ணி, சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கி, எஃப்10 அழுத்தி சேவ் பண்ணணும். பத்து நிமிஷ வேலை.

நான் ஊர்ல இல்லாத நேரம் அப்பா கொண்டுபோயிருக்கார். கடைக்காரர் மானிட்டரை அவர் பக்கம் திருப்பி, "பாருங்க சார், பயாஸ் சிப் அவுட்டு. ரீப்ரோக்ராம் பண்ணா பொழைச்சுக்கும், இல்லன்னா புது போர்டுதான்"னு சொல்லி டீ வேற வாங்கிக் கொடுத்திருக்கார். அந்த டீயிலதான் அப்பா விழுந்தார். க்யூஆர் ஸ்கேன் பண்ணி 3,800 கட்டியிருக்கார். பில் கிடையாது.

வந்து திறந்து பார்த்தா அதே பழைய பேட்டரி. மீட்டர்ல 2.2 வோல்ட், புதுசுன்னா 3-க்கு மேல காட்டும். சிப் மேல தூசிகூட கலையல. டிஸ்க்கை பார்மேட் அடிச்சு ஐடிஇ-லயே புது விண்டோஸ் ஏத்தியிருக்காங்க. இனி டீஃபால்ட்டுக்குப் போனாலும் பூட் ஆகும்ல, 'சரியாயிடுச்சு'ன்னு சொல்லிக்கலாம்! எட்டு வருஷ போட்டோ, சீட்டுக் கணக்கு எல்லாம் காலி. தேதி மட்டும் மறுநாளே 2010.

போன் பண்ணா "டெக்னீசியன் லீவு". மறுநாள் "ஓனர் ரிச்சி ஸ்ட்ரீட் போயிருக்கார்". நேர்ல போனா "சாப்ட்வேருக்கு வாரண்டி இல்ல ப்ரோ". நேத்துல இருந்து போனே எடுக்கல. 3,800 ரூபா!

விவரமா டிப்ஸ் எழுதத்தான் உட்கார்ந்தேன், கோவத்துல வரல. பூட் ஆகலன்னா முதல்ல தேதியைப் பாருங்க. நல்லா ஓடும்போதே பயாஸ் பக்கங்களை போன்ல படம் எடுத்து வைங்க. ஐடிஇ-ல போட்ட விண்டோஸை எடுத்தவுடனே ஏஎச்சிஐ-க்கு மாத்தாதீங்க, மறுபடி நீலத் திரைதான். சேஃப் மோடு (விண்டோஸ் அடிப்படை டிரைவரோட மட்டும் திறக்கிற முறை) வழியா மாத்தணும். பார்மேட்னு வாயெடுத்தா சிஸ்டத்தைத் தூக்கிட்டு வந்துடுங்க. பில் வாங்குங்க.

அழிஞ்ச போட்டோ மேல புதுசா எதுவும் பதிஞ்சிடக் கூடாதுன்னு டிஸ்க்கைக் கழட்டி வெச்சிருக்கேன். ரெக்கவரிக்கு எவ்வளவு கேட்பாங்களோ.