வீட்டில் ஒரு கிளாம்ப் மீட்டர்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒயரைத் துண்டிக்காமல், வாயால் கவ்விப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கருவி கிளாம்ப் மீட்டர். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, அது எத்தனை ஆம்பியர் வரை அளக்கும் என்பதைத்தான். சென்னை ரிச்சி தெருவில் நான் வாங்கியபோதும் கடைக்காரர் 400, 600 என்றுதான் எடுத்து வைத்தார். வீட்டுக்கு அவ்வளவு தேவையே இல்லை. கீசர், மோட்டார், ஏசி எல்லாம் பெரும்பாலும் 15 ஆம்பியருக்குள் அடங்கிவிடும். கீழ்ப்பகுதியில் எவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் என்பதே முக்கியம். 6 ஆம்பியர் ரேஞ்சில் இரண்டு தசம இடம் காட்டும் மாடலாகப் பார்த்து வாங்கினேன். அந்தத் தேர்வு இன்றுவரை பலன் தருகிறது.

இதனுடன் சேர்த்துச் செய்துகொண்ட ஒரு பொருளைச் சொல்ல வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியின் ஒயரில் வெளியுறையை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நீக்கி, உள்ளே இருக்கும் ஒயர்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறேன். உள்ளுறையில் ஒரு கீறல்கூட விழக்கூடாது. கிளாம்பின் வாய்க்குள் போக வரும் இரண்டு ஒயர்களும் சேர்ந்து இருந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதை அழித்துவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். ஒற்றை ஒயரை மட்டும் பிடித்தால்தான் ஆம்பியர் தெரியும். அதே பெட்டியில் காலியாக இருக்கும் துளைகளில் வோல்ட்டையும் பார்த்துக்கொள்ளலாம். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை (ஓம்), பெருக்கினால் வாட். கணக்கு இவ்வளவுதான், ஆனால் அது சொல்லும் செய்திகள் நிறைய.

மீட்டரிலேயே ஓம் அளக்கும் வசதி இருக்கிறதே, எதற்கு வகுக்க வேண்டும்? 100 வாட் குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்து ஓம் பார்த்தால் 40 பக்கத்தில் காட்டும். எரியும்போது 230 வோல்ட்டில் அதன் தடை 529 ஓம். சூடேறினால் டங்ஸ்டன் இழையின் தடை பல மடங்காகிவிடுகிறது. வேலை செய்யும்போது ஒரு பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, வேலை செய்யும்போது அளந்தால்தான் அறிய முடியும். கீசர் கம்பியில் இந்த வேறுபாடு மிகச் சிறிது, ஏனென்றால் அந்தக் கம்பியில் இருக்கும் நிக்ரோம் என்ற உலோகக் கலவையின் தடை சூட்டில் அதிகம் மாறுவதில்லை. 2000 வாட் கீசருக்கு 26.5 ஓம் அளவில் வரும். மாலையில் லோ வோல்டேஜ் வந்து 200 வோல்ட் ஆனால் அதே கீசர் 1500 வாட்தான் தரும். வோல்ட் 13 சதவீதம் குறைந்தால் சூடு 24 சதவீதம் குறைகிறது. வெந்நீர் தாமதமானதற்குக் கீசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த மீட்டருக்கு நான் கொடுத்த பணம் முழுவதும் ஒரே வேலையில் திரும்பி வந்தது. குளியலறைக்கு வெளியே கீசர் பிளக்கைத் தொட்டால் சுட்டது. கீசர் ஓடாதபோது அந்த சாக்கெட்டில் 226 வோல்ட், ஓடும்போது 219, ஓட்டம் 8.3 ஆம்பியர். அதே நேரத்தில் அடுத்த அறை சாக்கெட்டில் 1 வோல்ட்தான் இறங்கியது. ஆக 6 வோல்ட் இந்த ஒரு லைனில் மட்டும் தொலைகிறது. 6 வகுத்தல் 8.3 என்றால் 0.72 ஓம். போர்டிலிருந்து 15 மீட்டர் தூரம், 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், போக வர 30 மீட்டர். அதற்கு ஏறக்குறைய 0.24 ஓம்தான் இருக்கலாம், 2 வோல்ட் இறங்கலாம். மீதி 4 வோல்ட் ஏதோ ஓர் இணைப்பில் விழுகிறது. 4 பெருக்கல் 8.3, அதாவது 33 வாட். சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னைவிட அதிகமான சூடு, சுவருக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவே! மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் கழற்றியபோது சாக்கெட்டின் பித்தளைப் பிடி தளர்ந்து கருத்திருந்தது. மாற்றிய பிறகு மொத்த இறக்கம் 3 வோல்ட். அரை ஓம் கோளாறை ஓம் ரேஞ்ச் நம்பும்படி காட்டியிருக்காது. மீட்டரின் சோதனை ஒயர்களுக்கே பத்தில் இரண்டு மூன்று பங்கு ஓம் உண்டு.

எல்லாப் பொருளுக்கும் இந்தப் பெருக்கல் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 9 வாட் எல்ஈடி விளக்குகள் நான்கை ஒன்றாக எரியவிட்டால் என் வீட்டில் 0.28 ஆம்பியர் காட்டுகிறது. 230-ஆல் பெருக்கினால் 64 வருகிறது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஈபி மீட்டரில் மின்னும் சிவப்பு விளக்கைக் கவனித்தேன். அதில் 3200 இம்பல்ஸுக்கு ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. 31 விநாடிக்கு ஒருமுறை மின்னியது, அதாவது 36 வாட். அந்த 64 வாட் அல்ல, வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கி வந்த வோல்ட்-ஆம்பியர். 36-ஐ 64-ஆல் வகுத்தால் வருவது பவர் ஃபாக்டர், இங்கே 0.56. மோட்டார், மின்விசிறி, மலிவான எல்ஈடி போன்றவற்றுக்கு வாட் தெரிய வேண்டுமானால் ஈபி மீட்டரின் விளக்கே நல்ல நண்பன். இத்தகைய எல்ஈடி இழுப்பதுபோல் அலை வடிவம் சிதைந்த மின்னோட்டத்தைச் சரியாக அளக்க ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் அவசியம். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மிகச் சிறிய ஓட்டத்தை அளக்க ஒரு வழி உண்டு. நீளமான ஒற்றை ஒயரைக் கிளாம்பின் வாய்க்குள் பத்துச் சுற்றுச் சுற்றினால் பத்து மடங்கு காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

மீட்டரின் உழைப்பைப் பற்றிப் பெரிய குறை இல்லை. கூடவே வந்த சோதனை ஒயர்கள்தான் பிளக் பக்கத்தில் உள்ளுக்குள் அறுந்து முதலில் போயின. நல்ல சிலிக்கோன் ஒயராக மாற்றிவிட்டேன். வாயின் இரண்டு முனைகளும் சேருமிடத்தில் தூசி படிந்தால் அளவு குறைத்துக் காட்டும், துணியால் துடைத்தால் சரியாகிவிடும். பேட்டரி குறி தோன்றிய பிறகு வரும் எண்களை நம்ப வேண்டாம், பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.