ஜாங்கோவின் அப்டேட்_ஆர்_கிரியேட்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

ரெக்கார்டு இருந்தால் திருத்து, இல்லாவிட்டால் புதிதாகப் போடு. இதற்குப் பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் 1.7 பதிப்பிலிருந்தே அப்டேட்_ஆர்_கிரியேட் இருக்கிறது. சப்ளையரின் விலைப்பட்டியல், பேமெண்ட் வெப்ஹுக் (பேமெண்ட் சேவை தானாக அனுப்பும் தகவல்) என்று ஒரே தரவு திரும்பத் திரும்ப வந்து விழும் இடங்களில் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் டேபிளில் யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்ற கட்டுப்பாடு) போடாமல் இதை நம்பவே கூடாது.

உள்ளே நடப்பது இதுதான்: டிரான்ஸாக்ஷன் திறந்து, செலக்ட் ஃபார் அப்டேட்டில் (படிக்கும்போதே ரோவைப் பூட்டும் க்வெரி) ரோவைத் தேடும். கிடைத்தால் பூட்டித் திருத்தும், கிடைக்காவிட்டால் இன்சர்ட். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில், இன்னும் உருவாகாத ரோவைப் பூட்ட வழியில்லை. இரண்டு செலரி வொர்க்கர்கள் (பின்னணி வேலைகளை ஓட்டும் புராசஸ்கள்) ஒரே நேரத்தில் தேடினால் இரண்டுமே இன்சர்ட்டுக்குப் போகும். யுனிக் இருந்தால் பிந்தியதற்கு இன்டெக்ரிட்டி எரர் விழும். ஜாங்கோவே அதைப் பிடித்து, மறுபடி தேடி, முந்திய ரோவைத் திருத்திவிடும். யுனிக் இல்லையென்றால் இரட்டை ரோ சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே கீ வரும்போதுதான் மல்டிபிள்ஆப்ஜெக்ட்ஸ்ரிட்டர்ன்ட் (ஒன்றுக்கு மேல் கிடைத்தது என்ற எரர்) என்று வெடிக்கும், அதுவும் பெரும்பாலும் நடு ராத்திரி ஜாபில்.

எழுதவேண்டிய மதிப்புகளைத் தரும் டிஃபால்ட்ஸுக்கு வெளியே தருவது எல்லாமே தேடல் நிபந்தனை. பொருளின் கோடோடு விலையையும் அங்கே வைத்தால், 120 ரூபாய் 125 ஆனதும் பழைய ரோ கிடைக்காது. கோடு யுனிக்காக இல்லாவிட்டால் ஒவ்வொரு விலைக்கும் ஒரு புது ரோ முளைக்கும். இன்னொரு பொறி, பெரிய சிறிய எழுத்து பாராமல் தேடும் ஈமெயில்__ஐஎக்ஸாக்ட். இரட்டை அடிக்கோடு உள்ள கீயை இன்சர்ட்டில் ஜாங்கோ விட்டுவிடும். ஈமெயிலை டிஃபால்ட்ஸிலும் தராவிட்டால் புது ரோவில் ஈமெயில் காலியாகவே இருக்கும்.

4.2-க்கு மாறுகிறவர்கள் மாடலின் சேவ் மெத்தடைக் கட்டாயம் பாருங்கள். அந்தப் பதிப்பு முதல் சேவுக்கு அப்டேட்_ஃபீல்ட்ஸ் (எந்த ஃபீல்டுகளை மட்டும் எழுதவேண்டும் என்ற பட்டியல்) சேர்ந்தே போகிறது. பெயரிலிருந்து ஸ்லக் (யுஆர்எல்லில் வரும் பெயர்) உருவாக்குவது போல சேவுக்குள் மாற்றும் ஃபீல்டை அந்தப் பட்டியலில் நாமே சேர்க்காவிட்டால், எரர் எதுவும் வராது, டேட்டாபேஸில் பழைய மதிப்பே இருக்கும்.

எண்ணிக்கையைக் கூட்ட, ரோவில் ஏற்கெனவே உள்ள மதிப்பை வைத்துக் கணக்கிடும் எஃப்() போட்டால் திருத்தும்போது ஓடும், முதல் இன்சர்ட்டில் விழும். 5.0-இல் வந்த கிரியேட்_டிஃபால்ட்ஸ் (புது ரோவுக்கு மட்டுமான மதிப்புகள்) இதைத் தீர்த்தது. அதைக் கொடுத்துவிட்டால் புது ரோவுக்கு டிஃபால்ட்ஸை ஜாங்கோ திரும்பிக்கூடப் பார்க்காது. பொதுவான ஃபீல்டுகளை இரண்டிலும் எழுதவேண்டும். எரிச்சலான ஏற்பாடுதான்.

ஆயிரக்கணக்கில் ரோக்கள் வந்தால் லூப்பில் இதை ஓட்டாதீர்கள்; ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு க்வெரி. 4.1 முதல் பல ரோக்களை ஒன்றாகப் போடும் பல்க்_கிரியேட்டில் அப்டேட்_கான்ஃப்ளிக்ட்ஸ் (கீ மோதினால் திருத்தும் வசதி) இருக்கிறது. அதில் சேவும் ஓடாது, சிக்னலும் போகாது. ஆட்டோ_நவ் (சேவ் ஆகும்போதெல்லாம் தானே புதுப்பிக்கும் அமைப்பு) உள்ள தேதியையும் அப்டேட்_ஃபீல்ட்ஸில் எழுதினால்தான் திருத்தும்போது மாறும். போஸ்ட்கிரஸில் ஒரே பேட்ச்சில் ஒரே கீ இருமுறை வந்தால் அந்த க்வெரி முழுவதும் விழும். அனுப்புமுன் கீயை வைத்து ஒரு டிக்ஷனரியில் போட்டெடுங்கள். கடைசியாக வந்தது மட்டும் மிஞ்சும்.