ஒரு எழுத்துக்கு நாலு பேர்: தோட்டத்திலிருந்து ஐடி எடுத்த அனுபவம்

நாங்கள் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். 2023இல் எங்கள் வீட்டில் இரண்டு தேசிய அடையாள அட்டை (ஐடி) எடுத்தோம். ஒன்று கடைசித் தங்கச்சிக்கு, மற்றது அம்மாவுக்கு. ஒரே சேவைதான், ஆனால் இரண்டுக்கும் ஒரே மார்க் போட எனக்கு மனம் வரவில்லை.

தங்கச்சியுடையதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முன்பு பதினாறு வயதில் எடுத்ததை இப்போது பதினைந்திலேயே எடுக்கலாம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தேவை என்பதால் பாடசாலையே படிவம் கொடுத்து, அதிபரே கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். ஹட்டன் டவுனுக்குக் கூட்டிப்போய் படம் எடுத்ததுதான் என் பங்கு. பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுக்கலாம்.

அம்மாவுடையதுதான் கதை. 54 வயது, இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். இருந்தது பழைய லேமினேட் அட்டை. 2014க்கு முன்பு எங்கள் பக்கம் கொடுத்த அட்டைகளில் எல்லாம் சிங்களத்திலேயே இருக்கும், அம்மாவுக்குத் தன் பெயரையே அதில் வாசிக்கத் தெரியாது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, 2003 சட்டம் வரும்வரை எந்த நாட்டுக்காரர் என்றே தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால், அட்டையைப் பத்திரமாக சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் சுவர் ஈரம் தெரியும்தானே, மூஞ்சி கரைந்து போய்விட்டது. வங்கியில் வாங்கமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள்.

சரி, புதிதாக எடுப்போம் என்று கிளம்பினோம். முதலில் ஸ்டூடியோ. எந்தக் கடையிலும் எடுத்துவிட முடியாது, ஐடி கொடுக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவாக இருக்க வேண்டும். அவர்களே படத்தை ஒன்லைனில் அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள், அதைப் படிவத்தோடு சேர்க்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, படத்தை ஒட்டி, பசை காய்ந்து, பிய்ந்து வரும் தொல்லை இல்லை. ஆனால் ரசீதுக்கு ஆயுள் ஆறு மாதம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்புறம் கையெழுத்து. வெளியில் உள்ளவர்களுக்கு ஜி.எஸ். (கிராம சேவகர்) போடுவார், தோட்டத்தில் இருப்பவர்களுக்கு தொரையும், அதாவது தோட்ட அதிகாரியும், அத்தாட்சிப்படுத்தலாம். நாங்கள் தொரையிடம் போனோம். கணக்கப்பிள்ளை, கிளாக்கர் என்று படி ஏறி வாங்கிய கையெழுத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனால், தோட்ட முத்திரை இல்லை என்று ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள். எந்தச் செயலகம் என்று எழுதப்போவதில்லை. அந்த கவுண்டரில் இருந்த மிஸ் தமிழில் பொறுமையாகத்தான் பேசினார், அதை மறைக்கக்கூடாது. ஆனால் முத்திரையோடு இரண்டாவது தடவை போனபோதுதான் பெயரைப் பார்த்தார். பழைய ஐடியில் லெச்சுமி, பிறப்புச் சான்றிதழில் லட்சிமி. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன?

பிள்ளை பிறந்ததைச் சொன்னவர் ஒரு மாதிரிச் சொல்ல, எழுதியவர் காதில் விழுந்ததைச் சிங்களத்தில் எழுத, அதை இன்னொருவர் தமிழில் திருப்பி எழுத, எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு இரண்டு மூன்று பெயர். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி, பதிவாளரிடம் திருத்தம் என்று அலைந்து முடிக்கும்போது ஸ்டூடியோ ரசீதின் ஆறு மாதம் போய்விட்டது. திரும்பவும் படம், திரும்பவும் காசு.

ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்கு ஒரு பேர் போகும். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு நாள் சம்பளத்தைத்தான் பேர் என்போம். அப்போது ஒரு பேருக்கு ஆயிரம் ரூபா. பெயரில் ஒரு எழுத்துக்காக நாலு பேர், பஸ் காசு வேறு. ஒருநாள் சேவையில் எடுக்கலாம்தான், ஆனால் அந்த நேரம் எங்களுக்கு அதென்றால் கொழும்புப் பக்கம் பத்தரமுல்லையில் இருக்கும் திணைக்களத்துக்கே போக வேண்டும், பெயர் சரியில்லாமல் அங்கே போயும் பிரயோசனமில்லை.

அட்டை வந்த பிறகு குறை சொல்ல ஒன்றுமில்லை. 2017இலிருந்து கொடுக்கும் அந்தக் கெட்டி அட்டை, தமிழும் இருக்கிறது. அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

இலக்கம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நிறையப் பேர் குழம்புகிறார்கள். பழையது ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும், 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கம். எங்கேயாவது கம்பியூட்டர் பன்னிரண்டு கேட்டால் பயப்பட வேண்டாம், முன்னால் 19 போட்டு, முதல் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் செருகி, கடைசி எழுத்தை விட்டுவிட்டால் அதேதான். நடுவில் இருக்கும் மூன்று இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது, பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு, பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். அம்மா ஏப்ரல் 14, வருசப் பிறப்பன்று பிறந்தவர், ஆகவே 605. இதைச் சொன்னதும் லயத்தில் எல்லோரும் தங்கள் ஐடியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்கள்.

அம்மாவுக்குச் செய்ததற்கு பத்துக்கு ஐந்து. எடுக்கப் போகிறவர்கள் படத்துக்கு ஓடாமல் முதலில் பிறப்புச் சான்றிதழ், பழைய ஐடி, சம்பளச் சிட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பழைய அட்டையைக் கொடுக்குமுன் இரண்டு பக்கமும் போட்டோ கொப்பி எடுங்கள். தொலைந்ததென்றால் பொலிஸ் முறைப்பாடு கட்டாயம், அதையும் முதலே போட்டுவிடுங்கள்.

எங்களுக்கு இன்னும் முடியவில்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமலாப நிதிக் கணக்கில் அம்மா இன்னும் லெச்சுமிதான். அடுத்த மாதம் அதற்கும் ஒரு பேர் போகும்.