தண்டர்பேர்ட்: ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அஞ்சல்களை ஒழுங்குபடுத்த ஏற்ற மென்பொருளா?

மின்னஞ்சலை உலாவியிலேயே திறந்து படித்துப் பழகியவர்களுக்கு, அதற்கென்று கணினியில் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டிய தேவை புலப்படாமல் இருப்பது இயல்பே. ஒரே ஒரு முகவரியும் வாரத்துக்குச் சில அஞ்சல்களும் மட்டும் உள்ள ஒருவருக்கு அது தேவையும் இல்லை. ஆனால் சொந்த முகவரி ஒன்று, தொழிலுக்கு ஒன்று, குடியிருப்போர் சங்கத்துக்குப் பொதுவாக ஒன்று என்று மூன்று நான்கு முகவரிகளை ஒருவரே பார்த்துக்கொள்ளும்போதும், பல ஆண்டுகளாகச் சேர்ந்த ரசீதுகளும் ஒப்பந்தங்களும் வரைபடங்களும் அவற்றுக்குள் கலந்து கிடக்கும்போதும், வேண்டிய ஒன்றைத் தேடித் துழாவுவதிலேயே பெரும்பொழுது போய்விடுகிறது. அப்படிப்பட்டவர்களை மனத்தில் கொண்டு, அஞ்சல், அதோடு இணைத்து வரும் கோப்பான இணைப்பு, முகவரி ஆகிய மூன்றையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தண்டர்பேர்ட் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

தண்டர்பேர்ட் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும் கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, விளம்பரமும் கிடையாது. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா இதன் 1.0 பதிப்பை 2004 டிசம்பரில் வெளியிட்டது. 2012இல் மொசில்லா தன் கவனத்தை இதிலிருந்து விலக்கிக்கொண்டபோது பலரும் இதன் காலம் முடிந்ததென்றே எண்ணினார்கள். 2020இல் மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனமான எம்இசட்எல்ஏ டெக்னாலஜிஸின் பொறுப்புக்கு வந்த பிறகு, பயனர்களின் நன்கொடையைக் கொண்டே மீண்டும் வளரத் தொடங்கியது. 2023இல் வந்த 115ஆம் பதிப்பில் முகப்புத் தோற்றம் முழுமையாக மாற்றி அமைக்கப்பட்டது. பழைய தோற்றத்தைப் பார்த்து ஒதுக்கியவர்கள் மறுபடி ஒருமுறை பார்ப்பது நியாயம் என்பேன்.

கணக்குகளைச் சேர்த்து முடித்ததும் இடப்பக்கத்தில் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக உள்பெட்டியும் கோப்புறைகளும் வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியல் நீண்டு கண்ணை உறுத்துமானால், எல்லா உள்பெட்டிகளையும் ஒன்றாகத் திரட்டிக் காட்டும் 'யூனிஃபைடு ஃபோல்டர்ஸ்' தோற்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இது பார்வைக்கான ஏற்பாடு மட்டுமே. அஞ்சல்கள் அந்தந்தக் கணக்கிலேயேதான் இருக்கும்.

ஒழுங்குபடுத்த உட்கார்ந்ததும் பெரும்பாலோர் முதலில் செய்வது, தலைப்புக்கு ஒன்றாகக் கோப்புறைகளை உருவாக்கிக்கொண்டே போவது. தண்டர்பேர்ட் அதற்குத் தடை சொல்வதில்லை. கோப்புறைக்குள் கோப்புறை என்று எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆயினும் இந்த மென்பொருளின் உண்மையான வலிமை அங்கே இல்லை என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பிய அஞ்சல், கடன் என்ற தலைப்புக்கும் உரியது, வருமான வரி என்ற தலைப்புக்கும் உரியது. கோப்புறையில் இட்டால் ஏதாவது ஒன்றில்தான் இட முடியும். 'டேக்' எனப்படும் வண்ணக் குறியை இட்டால் ஒரே அஞ்சலுக்கு இரண்டையும் இடலாம். முக்கியம், பணி, சொந்தம், செய்ய வேண்டியது, பிறகு பார்க்க வேண்டியது என்று ஐந்து குறிகள் முன்கூட்டியே தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் 1 முதல் 5 வரையுள்ள எண்ணை அழுத்தினால் உரிய குறி விழும், 0 அழுத்தினால் எல்லாக் குறிகளும் நீங்கும். வேண்டிய பெயரில், தமிழிலேயேகூட, புதிய குறிகளை உருவாக்கிக்கொள்ளலாம். அஞ்சல்களை வழங்கியிலேயே (அஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் கணினியில்) வைத்துக்கொண்டு படிக்கும் ஐமேப் வழியில் இயங்கும் கணக்குகளில், வழங்கி இடம் கொடுத்தால் இந்தக் குறிகள் அங்கேயே சேமிக்கப்படும். ஆனால் ஜிமெயிலை உலாவியில் திறந்து பார்ப்பவருக்கு இவை தெரியா என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

இந்தக் குறிகளோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டியது 'சேவ்டு சர்ச்' என்னும் வசதி. ஒரு தேடலின் நிபந்தனைகளைச் சேமித்து வைத்தால் அது ஒரு கோப்புறைபோல இடப்பக்கத்தில் நிற்கும். அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த நிபந்தனைக்குப் பொருந்தும் அஞ்சல்கள், நீங்கள் தேடத் தேர்ந்தெடுத்த கோப்புறைகளில் எந்தக் கணக்கின் எதில் இருந்தாலும், அங்கே வந்து நிற்கும். 'செய்ய வேண்டியது' என்ற குறி இருக்க வேண்டும், வந்து ஏழு நாள்களுக்கு மேலாகியிருக்க வேண்டும் என்ற இரண்டே நிபந்தனைகளைக் கொண்டு ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். பதில் அனுப்பாமல் தேங்கிக் கிடப்பவை அத்தனையும் ஒரே இடத்தில் கண்முன் வரும். இந்த ஒரு வசதிக்காகவே தண்டர்பேர்டை நிறுவலாம் என்று நண்பர்களிடம் சொல்லி வருகிறேன். இந்தத் தேடல் கோப்புறையை நீக்கினாலும் அஞ்சல்கள் நீங்குவதில்லை, ஆகையால் அச்சமின்றி முயன்று பார்க்கலாம்.

வரும் அஞ்சல்களைத் தானாகவே பிரித்து வைக்கும் வடிகட்டிகளும் நன்றாகவே இயங்குகின்றன. அனுப்பியவர், பொருள், அளவு, இணைப்பு உண்டா இல்லையா போன்றவற்றை நிபந்தனையாக வைத்து, நகர்த்துதல், குறியிடுதல், நட்சத்திரமிடுதல் முதலிய செயல்களைச் செய்யச் சொல்லலாம். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய அஞ்சல்கள்மேலும் அதே வடிகட்டியை ஓடவிடலாம். வடிகட்டிகள் மேலிருந்து கீழாக வரிசைப்படியே செயல்படுவதால், குறிப்பானவற்றை மேலேயும் பொதுவானவற்றைக் கீழேயும் வைக்க வேண்டும். இவை உங்கள் கணினியில் தண்டர்பேர்ட் திறந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் என்பதுதான் குறை. கணினி அணைந்திருக்கும் வேளையில் கைப்பேசியில் பார்த்தால் எல்லாம் பிரிக்கப்படாமல் உள்பெட்டியிலேயே இருக்கும். நாளெல்லாம் வெளியில் இருப்பவர்கள், பிரிக்கும் வேலையை வழங்கியின் வடிகட்டிகளிடமே விட்டுவிட்டு, குறியிடும் வேலையை மட்டும் தண்டர்பேர்டிடம் கொடுப்பது நலம்.

தேடலில் இரண்டு வழிகள் உண்டு. மேலே உள்ள பெட்டியில் தேடினால் எல்லாக் கணக்குகளிலும் தேடும். கன்ட்ரோல், ஷிப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் 'குயிக் ஃபில்டர்' பட்டை, திறந்திருக்கும் கோப்புறையை மட்டும் சலிக்கும். தமிழில் எழுதுவோருக்கு இந்த இரண்டாவது வழியே மிகவும் பயன்படுகிறது. சொல்லின் ஒரு பகுதியைக் கொடுத்தாலே போதும், அது இடம்பெறும் அஞ்சல்களை எல்லாம் காட்டிவிடும். 'ரசீது' என்று தட்டினால் ரசீதுகள், ரசீதுடன், ரசீதுக்கு எனப் பன்மை விகுதியோ வேற்றுமை உருபோ ஏற்ற வடிவங்களும் சேர்ந்து வரும். படிக்காதவை, நட்சத்திரமிட்டவை, முகவரிப் புத்தகத்தில் உள்ளவர்களிடமிருந்து வந்தவை, இணைப்புள்ளவை என்று ஒரே சொடுக்கில் பிரித்துப் பார்க்கும் பொத்தான்களும் அதே பட்டையில் உள்ளன.

இணைப்புகளைக் கையாள்வதில்தான் தண்டர்பேர்ட், உலாவி வழி அஞ்சலைத் தெளிவாக விஞ்சுகிறது. மின்னஞ்சலில் செல்லும் கோப்பு பேஸ்64 என்ற முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டே செல்வதால், அதன் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 15 எம்பி கோப்பு அஞ்சலுக்குள் 20 எம்பி இடத்தைப் பிடிக்கிறது. கூகுளின் இலவசக் கணக்கில் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துக் கிடைப்பது 15 ஜிபிதான் என்பதால், அந்த இடத்தை நிரப்புபவை பெரும்பாலும் பழைய இணைப்புகளும் படங்களுமே. ஜிமெயிலின் வலைப்பக்கத்தில், அஞ்சலை வைத்துக்கொண்டு இணைப்பை மட்டும் நீக்க வழி கிடையாது. தண்டர்பேர்டில் அது உண்டு. அஞ்சல்களை அளவின்படி வரிசைப்படுத்தி, பெரியவற்றைத் திறந்து, இணைப்பின்மேல் வலச்சொடுக்கினால், சேமித்தல் என்பதோடு 'டிட்டாச்', 'டெலிட்' என்ற இரண்டும் வரும். முன்னது, கோப்பைக் கணினியில் நீங்கள் காட்டும் இடத்தில் சேமித்துவிட்டு அஞ்சலிலிருந்து நீக்கி, சேமித்த இடத்துக்கு ஒரு சுட்டியை அஞ்சலில் விட்டுவைக்கும்; பின்னது நீக்க மட்டுமே செய்யும். கடிதத்தின் வாசகம், அனுப்பியவர், நாள் எல்லாம் அப்படியே இருக்கும்.

இந்த வசதியைக் கையாளச் சில எச்சரிக்கைகள் அவசியம். பிரித்தெடுத்த கோப்பைப் பிறகு வேறு இடத்துக்கு நகர்த்தினால் அஞ்சலில் உள்ள சுட்டி பயனற்றுப் போகும். ஆகையால் ஆண்டுவாரியாக ஒரு நிலையான இடத்தை முதலிலேயே முடிவு செய்து, அங்கேயே சேமிக்க வேண்டும். இணைப்பை நீக்கிய அஞ்சல் மூலத்திலிருந்து மாறுபட்டுவிடுவதால், அதன் மின்கையொப்பம் பின்னர் சரிபார்ப்பில் தேறாது. வழக்கு, ஒப்பந்தம், வரி தொடர்பான அஞ்சல்களில் இதைச் செய்யாமலிருப்பதே அறிவுடைமை. ஜிமெயில் கணக்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. தண்டர்பேர்ட் இணைப்பில்லாத புதிய படி ஒன்றை வழங்கியில் ஏற்றிவிட்டுப் பழையதை நீக்கச் சொல்கிறது. ஜிமெயிலின் இயல்பான அமைப்பிலோ, அப்படி நீக்கப்பட்டது அழியாமல் 'ஆல் மெயில்' என்னும் தொகுப்பில் தங்கிவிடக்கூடும். ஜிமெயில் அமைப்புகளின் ஐமேப் பகுதியில் இதை மாற்றி, குப்பைத்தொட்டியையும் காலி செய்த பிறகே இடம் உண்மையில் மிச்சமாகும்.

புதிய அஞ்சல் எழுதும்போது இணைப்பை மறந்துவிட்டால் நினைவூட்டும் ஏற்பாடும் இதில் இருக்கிறது. எழுதும் வாசகத்தில் குறிப்பிட்ட சொற்கள் வந்தும் கோப்பு எதுவும் இணைக்கப்படாமல் இருந்தால், அது உடனே எச்சரிக்கும். அந்தச் சொற்பட்டியலில் நாமே சொற்களைச் சேர்க்க முடியும் என்பதால், தமிழில் எழுதுவோர் 'இணைத்துள்ளேன்', 'இணைப்பில்', 'இணைக்கப்பட்டுள்ளது' என்று தாம் வழக்கமாக எழுதும் வடிவங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வட்டில் இடம் குறித்து ஒன்று சொல்ல வேண்டும். தண்டர்பேர்ட் இயல்பாக ஒரு கோப்புறையின் எல்லா அஞ்சல்களையும் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. நீக்கப்பட்ட அஞ்சல் உடனே அந்தக் கோப்பிலிருந்து போவதில்லை, மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். 'காம்பாக்ட்' என்ற செயலைச் செய்யும்போதே இடம் திரும்பக் கிடைக்கும். உள்பெட்டியில் பல ஆண்டு அஞ்சல்களை அப்படியே விட்டுவைத்தால் அந்தக் கோப்பு பருத்து, மென்பொருளின் வேகமும் குறையும். 'ஏ' விசையை அழுத்தினால் தேர்ந்தெடுத்த அஞ்சல்கள் ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ காப்பகத்துக்குச் சென்றுவிடும். உள்பெட்டியை இலகுவாக வைத்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

முகவரிப் புத்தகத்தைப் பற்றி இதே அளவு நிறைவோடு எழுத முடியவில்லை. 2022இல் வந்த 102ஆம் பதிப்பில் அது புதுப்பிக்கப்பட்டது. முகவரிகளைச் சேமிக்கும் விகார்டு, சிஎஸ்வி வடிவக் கோப்புகளை உள்ளிடலாம், முகவரிகளை இணையம் வழியே ஒத்திசைக்கும் முறையான கார்டுடாவ் வழியில் கூகுள் தொடர்புகளோடு ஒத்திசைக்கலாம். அஞ்சலின் தலைப்பகுதியில் முகவரிக்கு அருகே உள்ள சிறு படக்குறியைச் சொடுக்கினால் அவர் புத்தகத்தில் சேர்ந்துவிடுவார். இவை நன்று. ஆனால் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கான பெயர்ப்பட்டியலை, ஒத்திசைக்கப்பட்ட புத்தகத்தில் உருவாக்க முடியாது. கணினியில் மட்டும் உள்ள புத்தகத்தில்தான் உருவாக்கலாம். அதனால் ஒத்திசைவு வேண்டுவோரும் பட்டியல் வேண்டுவோரும் ஒரே ஆளாக இருந்தால், முகவரிகளை இரண்டு இடங்களில் பேண வேண்டிய தொல்லை ஏற்படுகிறது. இதைச் சரிசெய்ய வேண்டியது அவசரம் என்றே கருதுகிறேன்.

நாம் அஞ்சல் அனுப்பிய முகவரிகள் எல்லாம் 'கலெக்டட் அட்ரஸஸ்' என்ற தனிப் புத்தகத்தில் தாமாகவே சேர்வதும் கவனிக்க வேண்டியது. எழுத்துப்பிழையோடு ஒருமுறை அடித்த முகவரியும் அதில் தங்கி, அடுத்த முறை பெயரின் முதலெழுத்துகளை அடித்ததும் முன்னால் வந்து நிற்கும். அவ்வப்போது அந்தப் புத்தகத்தைத் திறந்து, வேண்டியவர்களைத் தனிப் புத்தகத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டு மற்றவற்றை அழிப்பது நல்ல வழக்கம்.

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் என்னும் அஞ்சல் சேவையை வைத்திருப்போர் நெடுங்காலம் நீட்சிகளை, அதாவது தனியாகச் சேர்க்கும் துணை நிரல்களை, நம்ப வேண்டியிருந்தது; 2025 நவம்பரில் வெளிவந்த 145ஆம் பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் அஞ்சலுக்கான ஆதரவு உள்ளேயே வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான தண்டர்பேர்ட், கே-9 மெயில் செயலியை அடித்தளமாகக் கொண்டு, 2024 அக்டோபரில் வெளியானது. அது அஞ்சலைப் படிக்கவும் பதில் எழுதவும் போதுமானது. இங்கே விவரித்த ஒழுங்குபடுத்தும் வேலைகளுக்குக் கணினிதான் வேண்டும்.

ஐமேப் கணக்குகளில் அஞ்சல்கள் வழங்கியில் பத்திரமாக இருந்தாலும், நீங்கள் உழைத்து உருவாக்கிய வடிகட்டிகள், சேமித்த தேடல்கள், கணினியில் மட்டும் உள்ள முகவரிப் புத்தகம் ஆகியவை அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கின்றன. அவற்றை ஏற்றுமதி செய்யும் கருவி மென்பொருளுக்குள்ளேயே உண்டு என்றாலும், மொத்த அளவு 2 ஜிபியைத் தாண்டினால் அது உதவாது. அந்த நிலையில், தண்டர்பேர்டை மூடிவிட்டு, 'புரொஃபைல்' எனப்படும் அதன் கோப்புறையை முழுமையாக வெளிவட்டு ஒன்றுக்குப் படியெடுத்து வைக்க வேண்டும். புதிய கணினிக்கு மாறும்போது அதே கோப்புறையைக் கொண்டுபோய் வைத்தால், குறிகளும் வடிகட்டிகளும் முகவரிகளும் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடரும்.