அனெத்தோ ஏற வழிகாட்டி தேடுபவர்கள் படியுங்கள்: எங்கள் 420 யூரோ போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்பெயினில் சரகோசா பக்கம் இருக்கும் நம்மவர்கள் கோடை வந்தால் பிரனீஸ் மலைத்தொடருக்குத்தான் கிளம்புகிறார்கள்.

மலை வழிகாட்டிகளைப் பிடித்துத் தரும் ஓர் இணையதளம். எனக்கும் மனைவிக்கும் சேர்த்து 420 யூரோ, முழுப் பணமும் முன்கூட்டியே. அனெத்தோ 3,404 மீட்டர், பிரனீஸிலேயே உயரமான சிகரம். அங்குள்ள பனியாறு சுருங்கிக்கொண்டே வருகிறது. மேல்பனி கரைந்துவிட்டால் வெறும் ஐஸ்தான். கிராம்பானும் (ஐஸில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள்தகடு) பனிக்கோடரியும் பழக்கமில்லாதவர்கள் தனியாகப் போகக் கூடாது என்றுதான் வழிகாட்டி தேடினோம்.

தளம் பிடித்துத் தந்த வழிகாட்டி பேசிய விதம் இருக்கிறதே! பூட்ஸ் அளவு கேட்டார். அடிப்பாகம் விறைப்பாக இருக்கிறதா, வளைகிறதா, போட்டோ அனுப்புங்கள், அதற்கேற்ற கிராம்பான் கொண்டுவருகிறேன் என்றார். ஏமாற்ற வந்தவன் பூட்ஸின் அடிப்பக்கத்தையா கேட்பான்? சிகரத்துக்குச் சற்று முன்னால் 'பாசோ தே மஹோமா' என்று ஒரு குறுகலான பாறை முகடு, இரண்டு பக்கமும் பள்ளம். மனைவிக்கு அதை நினைத்துத்தான் பயம். "அங்கே கயிறு என் கையில் இருக்கும், நீங்கள் பாறையை மட்டும் பாருங்கள்" என்றார். அவள் முகம் தெளிந்தது. தளத்தில் கார்டு வேலை செய்யவில்லை, பிசும் (போனிலிருந்தே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) பண்ணுங்கள் என்றார்கள். இங்கே நண்பர்களுக்குள் சாப்பாட்டுக் கணக்கைப் பிரிப்பதே பிசுமில்தான். 420 யூரோ அந்த நொடியே போய்விட்டது.

லா பெசூர்தா வரை பஸ், அங்கிருந்து நடந்து ரென்குளூசா மலைவிடுதி. சாயங்காலம் அங்கே சந்திப்பதாகப் பேச்சு. ஆள் வரவில்லை. விடிவதற்கு முன்பே மற்ற குழுக்கள் தலைவிளக்கோடு கிளம்பிப் போக, நாங்கள் வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். விடுதிக்காரரிடம் கேட்டால், அந்தப் பெயரில் யாரையும் தெரியாது என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், வானிலை காரணமாக ரத்து, ஆகவே பணம் திரும்பாது என்றார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது! பிறகு, நீங்கள்தான் வரவில்லை என்று வழிகாட்டி சொல்கிறார் என்றார்கள். விடுதி ரசீதை அனுப்பினேன். "உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது." கடைசியில் 420 யூரோவுக்குப் பதில் அடுத்த பயணத்துக்கு ஒரு கூப்பன். அதே ஆட்களோடு இன்னொரு மலையா?

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பிசுமில் போன பணத்தை நாமாக ரத்து செய்ய முடியாது. கார்டு தவிர வேறு எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழிகாட்டியின் யூஐஏஜிஎம் (சர்வதேச மலை வழிகாட்டிகள் கூட்டமைப்பு) அட்டையைக் கேளுங்கள், அந்தப் பெயரை வழிகாட்டிகள் சங்கத்தில் சரிபாருங்கள். மலைக்குப் பக்கத்து ஊரான பெனாஸ்கேயிலேயே வழிகாட்டி அலுவலகங்கள் இருக்கின்றன, நேரில் போய்ப் பேசுங்கள். ஏமாந்தால் நகராட்சியின் ஓமிக் நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள், போலீஸிலும் தெனுன்சியா, அதாவது முறைப்படி புகார், பதியுங்கள். நான் நாளைக் காலை இரண்டுக்கும் போகிறேன்.